போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு, பாதுகாப்பு கிடைச்சாச்சா? குடும்ப வன்முறையில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய மூன்று உத்தரவுகள்

சிம்பாங் ரெங்கம் என்றால் ஜொகூருக்கு வெளியே பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அங்குள்ள தடுப்பு முகாம்தான். செம்பனையும் அன்னாசியும் அதற்குப் பிறகுதான். வீட்டில் அடி வாங்கும் பெண்ணை ரிப்போர்ட் போட விடாமல் தடுப்பதும் இதே பயம்தான். "போலீசுக்குப் போனா அவரை உள்ள தள்ளிடுவாங்களே, அப்புறம் பிள்ளைங்களை யாரு பார்ப்பா?"

உங்கள் அம்மாவோ அக்காவோ இதைச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாம். நீங்களே சொல்லியும் இருக்கலாம்.

இந்தப் பயத்துக்குப் பதில் நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு உத்தரவு என்ற ஒன்றைத் தருகிறது. அடிப்பவரைத் தள்ளி நிறுத்துவதுதான் அதன் முதல் வேலை. அது விவாகரத்தும் இல்லை, சிறைத் தண்டனையும் இல்லை. ஆனால் அந்த உத்தரவு தானாக வீடு தேடி வராது. ரிப்போர்ட் போட்டவுடன் கிடைத்துவிடும் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. ரிப்போர்ட் விசாரணையைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். உங்களைப் பாதுகாக்க உத்தரவு வேண்டும். அதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை இரவு

நீங்கள் ஜொகூர் பாருவில் படிக்கிறீர்கள். அக்கா சிம்பாங் ரெங்கத்தை ஒட்டிய ஒரு தோட்டத்தில், மாமாவுக்கு வேலையோடு கிடைத்த வீட்டில், இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறார். இரவு பத்தரைக்கு போன் வருகிறது. "தம்பி, இன்னிக்கு ரொம்ப அடிச்சிட்டாரு. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு பக்கத்து வீட்ல நிக்கிறேன்."

அந்த நிமிடம் ஆபத்து தொடர்கிறது என்றால் 999. வேறு யோசனையே வேண்டாம். ஊர்ப் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். ரெங்கம் ஒரு ஊர், சிம்பாங் ரெங்கம் வேறு ஊர். இரண்டும் குளுவாங் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பதற்றத்தில் 'ரெங்கம் தோட்டம்' என்று மட்டும் சொன்னால் உதவி வேறு பக்கம் போய்விடலாம். தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி என்று அடையாளம் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அக்காவின் லொகேஷனையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காயம் இருந்தால் அடுத்தது அரசாங்க மருத்துவமனை. இந்தப் பகுதிக்கு குளுவாங்கில் உள்ள என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை. காரில் ஏறத்தாழ அரை மணி நேரம். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. என்ற சேவை உண்டு. குடும்ப வன்முறை என்று சொன்னால் தனி அறையில் வைத்துப் பரிசோதிப்பார்கள். போலீசையும் நல அதிகாரியையும் அங்கிருந்தே தொடர்புகொள்ள முடியும். 'படியில் விழுந்துட்டேன்' என்று டாக்டரிடம் சொன்னால் மருத்துவப் பதிவிலும் அதுதான் இருக்கும். பிறகு அதை மாற்றுவது கஷ்டம். நடந்ததைச் சொல்வதே நல்லது.

முதல் உத்தரவு: 2 மணி நேரத்தில், நல அதிகாரியிடம்

சனி, ஞாயிறு நீதிமன்றம் இருக்காது. ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அப்படியென்றால் திங்கள்கிழமை வரை அக்காவுக்கு என்ன பாதுகாப்பு?

இதற்காகவே 2017 திருத்தத்தில் அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொண்டுவரப்பட்டது. சுருக்கமாக இ.பி.ஓ. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதை வழங்குவது நீதிபதி இல்லை, சமூக நல இலாகாவின் அதிகாரி. ஜே.கே.எம். என்றால் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

• இதற்கு போலீஸ் ரிப்போர்ட் கட்டாயம் இல்லை.
• விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் வழங்கப்பட வேண்டும்.
• 7 நாள் மட்டுமே செல்லும்.

இந்த உத்தரவு இருந்தால் மாமா அக்காவை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. தன் தம்பியையோ நண்பரையோ ஏவிவிட்டும் செய்யக் கூடாது. அக்கா தங்கியிருக்கும் வீட்டுக்குள்ளோ காப்பகத்துக்குள்ளோ நுழையவும் தடை போடலாம். உத்தரவைப் போலீசார் மாமாவிடம் நேரில் கொடுப்பார்கள்.

எப்படிக் கேட்பது? தாலியான் காசே 15999. 24 மணி நேரமும் இயங்கும். குளுவாங் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு நேராகவும் போகலாம். "எனக்கு இ.பி.ஓ. வேண்டும்" என்று உத்தரவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 'உதவி வேண்டும்' என்று மட்டும் சொன்னால் ஆலோசனையோடு பேச்சு முடிந்துவிடலாம்.

கோயிலில் தாலி கட்டியது மட்டும்தான், பதிவு செய்யவில்லை. சட்டம் செல்லுமா?

செல்லும். நம் குடும்பங்களில் இது அடிக்கடி வரும் கேள்வி. கோயிலில் தாலி கட்டி, விருந்தும் போட்டு, பதிவை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவர்கள் உண்டு. அடி விழும்போது, "நீ என் பொண்டாட்டின்னு எந்தப் பேப்பர்ல இருக்கு?" என்று கேட்கப்படும்.

சமய வழக்கப்படியோ இன வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவாகாவிட்டாலும், இந்தச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் கணவன் மனைவிதான். கல்யாணப் படம், பத்திரிகை, வீடியோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

இந்தச் சட்டம் யாரையெல்லாம் காக்கிறது? கணவன், மனைவி, விவாகரத்தானவர்கள், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், உடல் அல்லது மனநலக் குறையால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத பெரியவர்கள், மற்றக் குடும்ப உறுப்பினர்கள். ஆகவே அண்ணனிடம் அடி வாங்கும் தங்கையும், மகனிடம் அடி வாங்கும் அம்மாவும், அப்பாவிடம் அடி வாங்கும் 20 வயதுப் பையனும் கேட்கலாம். ஆண்களுக்கும் உண்டு. எந்த மதமாக இருந்தாலும் பொருந்தும்.

அடித்தால் மட்டும்தான் வன்முறையா?

இல்லை. 1996 ஜூன் 1இல் இந்தச் சட்டம் நடப்புக்கு வந்தபோதே மிரட்டுவது, வீட்டில் பூட்டி வைப்பது, விருப்பமில்லாததைச் செய்ய வற்புறுத்துவது, பொருளை உடைப்பது ஆகியவை அதில் இருந்தன. 2012 திருத்தத்தில் மனரீதியான கொடுமை சேர்க்கப்பட்டது. 2017 திருத்தம் இன்னும் கொஞ்சம் முன்னே போனது. ஏமாற்றிப் பணத்தையோ பொருளையோ எடுத்து உங்களை நஷ்டத்தில் தவிக்க விடுவதும், போன், மெசேஜ் வழியாக மானத்தைக் கெடுக்கும்படி பேசுவதும் இப்போது குடும்ப வன்முறைதான்.

அதனால் வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி எடுங்கள். காயத்தின் படத்தை முதல் நாள் மட்டும் எடுத்தால் போதாது, அடுத்த இரண்டு மூன்று நாளும் எடுங்கள். கன்றிப்போனது மெல்லத்தான் தெரியும். எல்லாவற்றையும் நம்பிக்கையான இன்னொருவரின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

இரண்டாவது உத்தரவு: நீதிமன்றத்தில், விசாரணை நடக்கும்போது

இ.பி.ஓ. 7 நாளில் முடிந்துவிடும். எட்டாவது நாள் காலையில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. 'மாமா இப்ப அமைதியா இருக்காரு' என்று அந்த ஏழு நாளையும் விட்டுவிட்டால் அக்கா மறுபடி பழைய இடத்தில்தான் நிற்பார்.

அடுத்தது இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, ஐ.பி.ஓ. இதை வழங்குவது மாஜிஸ்திரேட். இந்த இடத்தில் போலீஸ் ரிப்போர்ட் கட்டாயம், ஏனென்றால் போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்குத்தான் இந்த உத்தரவு. இந்தியாவில் 2005 சட்டத்தின்படி கிரிமினல் புகார் இல்லாமலே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். நம் நாட்டில் அது போலீஸ் விசாரணையோடு கட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே என்று நினைத்துவிட வேண்டாம்.

வழிமுறை இதுதான்:

1. போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். அக்கா உங்களோடு ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டால் அங்கேயே கொடுக்கலாம்.
2. வழக்கைப் பார்க்கும் விசாரணை அதிகாரியின் பெயரையும் எண்ணையும் வாங்குங்கள்.
3. அவரிடம் ஐ.பி.ஓ.வுக்கான கடிதம் கேளுங்கள். 'சாயா மாவ் மொஹொன் ஐ.பி.ஓ.' இந்த ஒரு வாக்கியம் போதும்.
4. அந்தக் கடிதத்தோடு மாவட்ட சமூக நல அலுவலகம். விண்ணப்பத்தைத் தயாரிக்க நல அதிகாரி உதவுவார், நீதிமன்றத்துக்கும் கூட வருவார். வக்கீல் வைக்க வேண்டியதில்லை.
5. உத்தரவு கிடைத்ததும் நகல் வாங்குங்கள். அது மாமாவின் கையில் போய்ச் சேர்ந்ததா என்றும் கேட்டு உறுதி செய்யுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று அவர் பிறகு சொல்ல இடம் தரக் கூடாது.

ரிப்போர்ட் எழுதும்போது அன்றைய சம்பவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இதற்கு முன் எத்தனை முறை, எப்போது, என்ன மிரட்டல், பிள்ளைகள் பார்த்தார்களா, இனி என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அக்காவுக்கு மலாய் சரளமாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்து. ஏதாவது விட்டுப்போனால் கூடுதலாக இன்னொரு ரிப்போர்ட் கொடுக்கலாம்.

நீங்கள் படித்த தம்பி, உங்களுக்கு மலாய் நன்றாக வரும். அதனால் எல்லாவற்றையும் நீங்களே பேசிவிடத் தோன்றும். கூட இருங்கள், ஆனால் சம்பவத்தை அக்கா வாயாலேயே சொல்ல விடுங்கள். நீதிமன்றத்தில் சாட்சி அவர்தான்.

மூன்றாவது உத்தரவு: குற்றம் சாட்டப்பட்ட பிறகு

விசாரணை முடிந்து மாமா மீது குற்றம் சாட்டப்பட்டால் ஐ.பி.ஓ. போய், அதன் இடத்தில் பாதுகாப்பு உத்தரவு, அதாவது பி.ஓ. வர வேண்டும். இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 12 மாதம் வரை செல்லும், இன்னும் 12 மாதம் வரை நீட்டிக்கவும் முடியும்.

நீதிமன்றம் கூடுதல் நிபந்தனைகளும் போடலாம். அக்கா வேலை செய்யும் இடத்துக்கோ பள்ளிக்கோ வரக் கூடாது, போன் செய்யக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது, குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்கக் கூடாது என்று சொல்லலாம். வீட்டை அக்காவும் பிள்ளைகளும் மட்டும் பயன்படுத்த அனுமதிக்கலாம். துணிமணியும் பத்திரங்களும் எடுக்க அதிகாரியோடு வீட்டுக்குப் போக வழி செய்யலாம். இவற்றில் எது தேவையோ அதை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் ஊகித்துத் தராது.

ஒரு விஷயம் கவனம். உத்தரவு வீட்டின் சொந்தக்காரரை மாற்றாது. தோட்ட வீடு மாமாவின் வேலையோடு வந்தது. அந்த வேலை போனால் வீடும் போகலாம். அதனால் உத்தரவுக்கு ஓடும் அதே வாரத்தில், வேறு எங்கே தங்குவது என்பதையும் நல அதிகாரியிடம் பேசிவிடுங்கள்.

உத்தரவை மீறினால்?

மீறுவதே குற்றம். 2,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறி வந்து அடித்தால் 4,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி காயப்படுத்துவார் என்ற பயம் இருந்தால், உத்தரவோடு கைது செய்யும் அதிகாரத்தையும் சேர்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். சேர்த்துவிட்டால் போலீசார் வாரண்ட் இல்லாமலே கைது செய்ய முடியும்.

'புருஷன் அடிச்சா அது குடும்ப விஷயம், கேஸ் நிக்காது' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்டனைச் சட்டம் சொல்வது நேர் எதிர். பிரிவு 326ஏ-யின்படி கணவனோ மனைவியோ குடும்பத்தினரோ காயப்படுத்தினால், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச சிறைத் தண்டனை இரு மடங்கு வரை போகலாம்.

உத்தரவின் நகலை போனில் படமாக வைத்திருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கும் வேலையிடத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். 'அப்பாதான் வந்தாரு, கூட்டிட்டுப் போயிட்டாரு' என்று பிறகு கேட்க நேரக் கூடாது.

பாய்ஃபிரண்டாக இருந்தால்?

சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். காதலர்கள், திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்கள், நிச்சயம் மட்டும் ஆனவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள். இ.பி.ஓ.வும் இல்லை, ஐ.பி.ஓ.வும் இல்லை.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். அடித்தாலும் மிரட்டினாலும் தண்டனைச் சட்டத்தின் கீழ் ரிப்போர்ட் போடலாம். 2023 மே 31 முதல் பின்தொடர்ந்து தொல்லை தருவதும் குற்றம். பிரிவு 507ஏ, 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வேலை முடியும் நேரத்தில் வாசலில் காத்து நிற்பது, பிளாக் செய்தாலும் புதுக் கணக்கில் வருவது, இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் ரிப்போர்ட் போடுங்கள். இந்த வழக்குகளிலும் விசாரணை நடக்கும்போது நீதிமன்றத்தின் வழியாகப் பாதுகாப்பு உத்தரவு பெற வழி இருக்கிறது. விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள்.

விசாரணை 'மேல் நடவடிக்கை இல்லை' என்று முடிந்தால்?

ஐ.பி.ஓ.வும் அதோடு முடியும். பலர் மனம் உடைந்துபோகும் இடம் இது. அப்போது செய்யக்கூடியவை: புதிதாக எது நடந்தாலும் புது ரிப்போர்ட், தேவைப்பட்டால் மறுபடி இ.பி.ஓ. விவாகரத்து வழக்கு நடப்பில் இருந்தால், அல்லது விவாகரத்து ஆகிவிட்டிருந்தால், முஸ்லிம் அல்லாதவர்கள் 1976 திருமணச் சட்டத்தின் 103ஆம் பிரிவின் கீழ் தொல்லை தராமல் இருக்கும்படி உயர் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். திருமணம் பதிவாகாமல் இருந்தால் இந்தக் கடைசி வழி கஷ்டம். பதிவை 'அப்புறம்' என்று தள்ளிப் போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகுங்கள்.

பக்கத்து வீட்டில் கேட்கிறது. நான் தலையிடலாமா?

தலையிடலாம். குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் போலீசுக்கோ நல அதிகாரிக்கோ தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது அவதூறு வழக்கு போட முடியாதபடி சட்டம் பாதுகாக்கிறது. அன்று இரவு அக்கா நின்றது பக்கத்து வீட்டில்தான். அந்த வீட்டு ஆன்ட்டி கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் உங்களுக்கு போனே வந்திருக்காது.

"கேஸை வாபஸ் வாங்கிடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள்

கட்டாயம் சொல்வார்கள். கோயில் தலைவர் வரை பேச வருவார். அக்கா சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது அக்காவின் முடிவு. அந்த முடிவை எடுக்க அவருக்கு அடி இல்லாத சில மாதங்கள் வேண்டும், உத்தரவு அதைத்தான் வாங்கித் தருகிறது. குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசாங்க வழக்கறிஞர் தரப்பு. ஆகவே 'நீதான் அவரை ஜெயிலுக்கு அனுப்பின' என்ற பழியை அக்கா சுமக்கத் தேவையில்லை. உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. மூன்று உத்தரவும் எந்தத் தேதியில் முடிகிறது என்று உங்கள் போன் காலண்டரில் குறித்து வைத்து, அதற்கு முன்னே அக்காவுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை

அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் அல்லது கல்யாணப் படம், வங்கி அட்டை, மருந்து, கொஞ்சம் ரொக்கம், ஒரு செட் சாவி. ஒரே பையில், முடிந்தால் வேறு வீட்டில். போனில் லொகேஷன் பகிர்வை அணைத்து விடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்தது தெரியக் கூடாது என்றால் தேடல் பதிவையும் அழித்துவிடுங்கள்.

உதவி எண்கள்

அவசரம்: 999
தாலியான் காசே, 24 மணி நேரம்: 15999, வாட்ஸ்அப் 019-261 5999
மகளிர் உதவி அமைப்பு (டபிள்யூ.ஏ.ஓ.): 03-3000 8858, வாட்ஸ்அப் 018-988 8058